மூன்றாவது தடவை கேட்கும் வரை

மார்ச் 14, 1995, செவ்வாய்

அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் வேலை பார்க்கும் பல் டாக்டர் ஆபீஸ் தாள். மேலே அச்சடித்த ஒரு கடைவாய்ப்பல் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்கிறது. கீழே அம்மாவின் உருண்டைக் கையெழுத்து: "ஸ்டேட்டில் படித்தால் உள்ள நல்லதுகள்."

பால் எடுக்கப் போனால் அது. வெண்ணெய் எடுக்கப் போனால் அது.

வீட்டிலிருந்து ஒன்பது நிமிட நடையாம். இதை நல்லது என்று எழுத ஒரு மனுஷிக்கு எப்படிக் கை வந்தது? அப்பா அங்கே வேலை பார்ப்பதால் எனக்குக் கட்டணம் பெயருக்குத்தானாம். துணியை வீட்டிலேயே துவைத்துக்கொள்ளலாமாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் தவறாதாம். கடைசியில், பென்சிலில், சின்னதாக, "பழகின இடம்."

பழகின இடம்! பதினேழு வருஷமாகப் பழகித் தொலைத்தாயிற்று. ஹெக்லண்டில் எனக்குத் தெரியாத நாய்கூடக் கிடையாது. கோதுமை வயல், ரயில்பாதை, நடுவில் ஒரு அரசுப் பல்கலைக்கழகம், அதுதான் ஸ்டேட். நார்த் டகோட்டா முழுக்கவே தட்டைதான், ஆனால் எங்கள் ஊர் தட்டையிலும் தட்டை. நாற்காலி போட்டு ஏறி நின்றால் அடுத்த ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரியும். நிலவியல் படிக்க ஆசைப்படுகிறவள் பிறக்க வேண்டிய இடமா இது? ஒரு பாறையைப் பார்க்கக் கார் ஏறிப் போக வேண்டும்.

எனக்கு வேண்டியது தோர்ன்பரோ கல்லூரி. வெர்மான்ட். மலைகள். ஆயிரத்து அறுநூறு மைல். அங்கே யாருக்கும் என் அப்பாவைத் தெரியாது, அத்தையைத் தெரியாது, ஆறு வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டி வேஷத்தோடு நான் வாந்தி எடுத்தது தெரியாது.

தாளின் அடியில் நானும் ஒரு வரி சேர்த்தேன். "செத்தால் கல்லறையும் பக்கம்."

அம்மா படித்தாள். "ம்... வித்தியாசமா இருக்கு," என்றாள். எங்கள் ஊரில் அதற்கு 'சகிக்கவில்லை' என்று பொருள்.

மார்ச் 19, ஞாயிறு

சர்ச்சில் ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரும் ஒரே கேள்வி. "அப்புறம் சிக்னி, ஸ்டேட்தானே?" கேள்வி மாதிரியே இல்லை. கையெழுத்துப் போடு என்று காகிதத்தை நீட்டுவது போல இருந்தது.

பிறகு லவோன் அத்தை வீடு. அத்தை அப்பாவின் அக்கா. ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும்.

"காபி குடிக்கிறியா ஆர்லீஸ்?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"அய்யோ, எனக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க."

"போட்டதுதான் இருக்கு."

"இருக்கட்டும், வேற யாராவது குடிக்கட்டும்."

"அரைக் கப்பாவது குடியேன்."

"சரி, இவ்வளவு சொல்றீங்க. அரைக் கப்."

அரைக் கப் என்றவள் இரண்டரைக் கப் குடித்தாள். காலையிலிருந்து காபிக்கு ஏங்கிக்கொண்டிருந்தவள் அவள்! காரில் வரும்போதே சொன்னாள். எங்கள் ஜனங்கள் எல்லோரும் இப்படித்தான். முதல் தடவை கேட்டதும் 'கொடுங்க' என்றால் பேராசைக்காரி. இரண்டாவது தடவையில் வாங்கினால் வளர்ப்புச் சரியில்லை. மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜப் பதில். முதல் இரண்டும் சும்மா மரியாதைக்கு.

எலுமிச்சை கேக்கில் கடைசித் துண்டு தட்டில் கிடந்தது. அப்பா அதில் பாதி வெட்டி எடுத்தார். மிச்சத்தில் அத்தை பாதி. அதில் அம்மா பாதி. கடைசியில் தட்டில் இருந்தது ஒரு விரல்நகம் அளவு. அதை எடுக்க ஆளில்லை. அப்படியே மூடி ஃபிரிட்ஜில் வைத்தார்கள்.

"உங்க அப்பா பனி தள்ளுற பாதையில நடந்துபோய்ப் படிப்பே," என்றாள் அத்தை. "எத்தனை பொண்ணுக்குக் கிடைக்கும்?"

"யாருக்கும் கிடைக்க வேண்டாம் அத்தை," என்றேன்.

மேஜைக்கடியில் அம்மா என் முழங்காலைக் கிள்ளினாள். இன்னும் சிவப்பாக இருக்கிறது.

மார்ச் 20, திங்கள்

மறுபடி பனி. வேறு என்ன.

ஏப்ரல் 6, வியாழன்

தோர்ன்பரோவிலிருந்து கடிதம்.

மெல்லிய உறை. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. காத்திருப்போர் பட்டியல். யாராவது விலகினால் மே மாதத்தில் கூப்பிடுவார்களாம். இடம் கிடைத்தால் உதவித்தொகைக்கும் அவர்களே பொறுப்பாம். 'இன்னும் விருப்பம் உண்டா' என்று ஒரு அட்டை இருந்தது. ஆம் என்ற கட்டத்தில் பேனாவை அழுத்தி அழுத்திக் குறித்ததில் அட்டை கிழியப் பார்த்தது.

அம்மா என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "பரவாயில்லையே, மோசமில்லை," என்றாள். எங்கள் வீட்டில் இதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

ஏப்ரல் 7, வெள்ளி

அப்பா பள்ளிக்கு வந்து அழைத்துப் போனார். கதவில் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டிரக்கில். எல்லோரும் பார்க்க ஹாரன் வேறு.

குளிர்காலத்தில் பனி தள்ளுவார், கோடையில் புல் வெட்டுவார். இருபத்திரண்டு வருஷம். அங்கே ஒரு வகுப்பறைக்குள்ளும் போனதில்லை என்று நினைக்கிறேன். எந்தக் கட்டடத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. ஆனால் எந்தக் கட்டடத்தின் வடக்கு வாசலில் பனி தேங்கும் என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார்.

"நிலவியல் கட்டடம் நல்ல கட்டடம்," என்றார்.

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"கூரை ஒழுகாது."

அப்பாவோடு சண்டை போடவும் முடியாது. அதுவே எரிச்சல்.

ஏப்ரல் 25, செவ்வாய்

சரி. ஒரு தடவை நேர்மையாக யோசித்துத் தொலைக்கிறேன். யாரும் பார்க்கப் போவதில்லை.

ஸ்டேட்டில் நிலவியல் துறை உண்டு. புத்தகங்கள் தோர்ன்பரோவில் இருப்பவைதான். வெர்மான்டில் பூமிக்கு வேறு வயதா என்ன? போன வருஷம் ஸ்டேட்டில் முடித்த ஆஸ்ட்பி வீட்டுப் பெண் இப்போது அலாஸ்காவில் நல்ல வேலையில் இருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளுடைய அப்பா ஊர்க் காதையெல்லாம் தேய்த்துவிட்டார். ஸ்டேட்டுக்குப் போனால் நான்கு வருஷம் கழித்துக் கையில் பட்டமும் இருக்கும், தலையில் கடன் பாரமும் இருக்காது. இதெல்லாம் நிஜம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பள்ளி வராந்தாவில் ஒரு தேசப்படம் மாட்டியிருக்கிறார்கள். கடைசி வருஷத்துக்காரர்கள் எங்கே படிக்கப் போகிறோமோ அங்கே ஒரு ஊசி குத்தி, ஹெக்லண்டிலிருந்து அதுவரைக்கும் சிவப்பு நூல் கட்ட வேண்டும். என் சிநேகிதி பெத்தின் நூல் மினியாபொலிஸ் வரை போகிறது. ஒருத்தனுடையது டெக்சாஸ் வரை. ஸ்டேட்டுக்குப் போகிறவர்களுக்கு நூலே கிடையாது. ஊரின்மேல் ஊசியை மட்டும் குத்திவிட்டுப் போக வேண்டும். ஒரே இடத்தில் இருபது ஊசி, கொத்தாக.

நான் இன்னும் குத்தவில்லை.

பயமும் இருக்கிறது. அங்கே எல்லோரும் என்னைவிடப் புத்திசாலியாக இருந்தால்? இருக்கட்டுமே. இங்கேயே கிடந்து, நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியாமலே ஐம்பது வயதாவதைவிட அது மேல். அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த பயம்தான் பெரிதாக வருகிறது.

மே 12, வெள்ளி

அம்மாவுக்கு என்ன பிடித்திருக்கிறதோ தெரியவில்லை. பெத்தோடு போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் வந்து நின்று, "போதும், லைனை விடு," என்கிறாள்.

"ஏன்?"

"யாராவது கூப்பிடுவாங்க."

"யாரு?"

"யாராவது."

ஆபீஸில் நாள் முழுக்கப் போன் எடுப்பவளுக்கு வீட்டிலும் போன்மேல் என்ன ஆசை?

மே 24, புதன்

அம்மா இப்போதெல்லாம் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறாள். முன்பு ஆபீஸிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். நின்றபடியே, போன் பக்கத்தில், நேற்று மிஞ்சிய ஹாட்டிஷை, இறைச்சிமேல் உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்டதை, சூடாக்காமலே தின்கிறாள். அதிலும் உருளைக்கிழங்கு மேலடுக்கை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு இறைச்சியை எனக்கு விட்டுவைக்கிறாள்.

தோர்ன்பரோவிலிருந்து ஒன்றும் இல்லை. நாளை பள்ளிக்கூடத்தில் தேசப்படத்தைக் கழற்றப் போகிறார்கள். என் ஊசி என் பையிலேயே இருக்கிறது.

ஜூன் 6, செவ்வாய்

எழுதினால்தான் ஆத்திரம் அடங்கும்.

இன்று நானே தோர்ன்பரோவுக்குப் போன் செய்தேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். ஒரு பெண். நல்ல குரல். காகிதம் புரட்டும் சத்தம். பிறகு சொன்னாள்.

"சிக்னி ட்வெய்ட்... மே ஒன்பதாம் தேதி உங்க வீட்டுக்குப் பேசினோமே. உங்களுக்கு இடம் கிடைச்சிருந்தது. அம்மாகிட்ட சொன்னோம். வேற யாருக்காவது தேவைன்னா கொடுத்துடுங்கன்னாங்க. ரொம்பப் பெருந்தன்மையா பேசினாங்க."

பெருந்தன்மை!

இடம் அன்றைக்கே வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இந்த வருஷம் இனி இல்லை.

நான் எப்படி பல் டாக்டர் ஆபீஸ் வரை போனேன் என்று நினைவில்லை. ஓடினேன் என்று நினைக்கிறேன். அம்மா மேஜைக்குப் பின்னால் இருந்தாள். முன்னால் ஆஸ்ட்பி, அலாஸ்காப் பெண்ணின் அப்பா, வாய் நிறையப் பஞ்சோடு.

"தோர்ன்பரோலேர்ந்து போன் வந்துச்சா?" என்றேன்.

அம்மா வெளுத்துப் போனாள். "வந்துச்சு."

"என்ன சொன்னே?"

"சும்மா... மரியாதைக்குச் சொன்னேன். உங்களுக்கு எதுக்கு சிரமம், வேற பிள்ளைக்குத் தேவைன்னா கொடுங்க, அவ இங்கயும் நல்லாத்தான் இருப்பான்னு. அதுக்கு அந்தப் பொண்ணு 'ரொம்ப நன்றி'ன்னு வெச்சுட்டா. நான் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன் சிக்னி."

"எதுக்குக் கூப்பிடணும்? வேண்டாம்னுட்டியே!"

"ஒரு வாட்டிதானே சொன்னேன்."

"மூணு வாட்டி கேக்கணும்னு அவங்களுக்கு யாரும்மா சொன்னா? அது லவோன் அத்தை வீட்டுக் காபியா? அது என் வாழ்க்கைம்மா!"

ஆஸ்ட்பி பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "எங்கயும் ரெண்டாவது வாட்டி கேக்கத்தானே செய்வாங்க," என்றார், நிஜமான ஆச்சரியத்தோடு.

இந்த ஊரே அப்படி. மொத்த ஊரும்.

பாவி. பாவி. உன் மரியாதையில் தீ விழ. நீ தெரிஞ்சேதான் செஞ்சிருக்கே. பழகின இடம்னு பென்சில்ல எழுதினவதானே நீ? இங்கேயே கட்டிப் போடணும், அவ்வளவுதானே? நாலு வாரம் வாயைத் திறக்காம இருந்தியே, உனக்கு எப்படிச் சோறு இறங்குச்சு?

ஜூன் 7, புதன்

பேசவில்லை. ஃபிரிட்ஜில் தாள் இல்லை. காந்தங்கள் மட்டும் நான்கு, வெற்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஜூன் 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்றேன். அப்பாவும் போகவில்லை. அவர் காரணம்கூடச் சொல்லவில்லை. கேரேஜில் புல்வெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தினம் மத்தியானம் வந்து போன் பக்கத்துல நின்னா. என்கிட்ட 'இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் டுவேன்'னா. அப்புறம் இன்னும் ரெண்டு நாள்னா."

"உங்களுக்குத் தெரியுமா? ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நானும் கூப்பிடுவாங்கன்னுதான் நினைச்சேன்." ஒரு திருகாணியைத் துடைத்தார். "அங்கல்லாம் ஒரு வாட்டிதான் கேப்பாங்க போல."

"நீங்களாவது திரும்பக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நாமளே போய்க் கேக்கறதா?" என்றார். கடையில் திருடச் சொன்னது போல அதிர்ச்சி அவர் முகத்தில்.

அம்மா வேண்டுமென்றே செய்தாளா, பழக்க தோஷமா? இரண்டில் எது மோசம் என்றும் தெரியவில்லை. வேண்டுமென்று செய்திருந்தாலாவது வெறுப்பது சுலபம்.

ஜூலை 4, செவ்வாய்

ஊர்வலம். ஸ்டேட்டின் வாத்தியக் குழு. டிரம்ஸ் அடித்தவன் ஆட்டுக்குட்டி நாடகத்தில் மேய்ப்பனாக இருந்தவன். கையசைத்தான். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஸ்டேட்டில் பெயர் பதிவு. ஒன்பது நிமிடம்தான் ஆனது. வேண்டுமென்றே சுற்றுவழியில் போய்ப் பதினைந்தாக்கினேன்.

கூடம் முழுக்க மேஜைகள். தெரிந்த முகங்கள். பதினோரு பேர் "அட, நீயும் இங்கதானா!" என்றார்கள். நிலவியல் மேஜையில் மட்டும் தெரியாத ஒருத்தி. டெனீஸ். மேல்படிப்புக்காக நியூஜெர்சியிலிருந்து வந்தவள். சூயிங்கம்மை மென்றுகொண்டே மூச்சு விடாமல் பேசினாள். ஆற்றை அளக்கும் குழு ஒன்று இருக்கிறது, வாரம் ஒரு தடவை, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேலேயே நடந்துபோய்ப் பனிக்கட்டியைத் துளைபோட்டு அளப்பார்கள், முதல் வருஷத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு இடம், என்றாள்.

என் பெயரைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். இந்தக் கூடத்தில் எனக்கு வேண்டியது என்று ஏதாவது இருக்கும் என நான் எதிர்பார்க்கவில்லை.

"உனக்கு வேணுமா?"

"இல்ல, பரவாயில்லை," என்றேன். "வேற யாருக்காவது தேவைன்னா கொடுங்க."

"சரி," என்று என் பெயரின்மேல் கோடு போட்டாள். "அடுத்த ஆள்!"

வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் காதில் விழுந்தது. என் வாயிலிருந்து வந்தது அம்மாவின் குரல். சொல்லுக்குச் சொல் அதேதான். நான் யோசிக்கவேயில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தும்மல் மாதிரி தானாக வந்தது. மனசுக்குள் 'இன்னொரு தடவை கேள், கேள்' என்று நின்றிருக்கிறேன், ஒரு முட்டாள் மாதிரி!

திரும்பி ஓடினேன். வரிசையில் நின்ற பையனை இடித்துத் தள்ளினேன். இதுவரை ஹெக்லண்டில் யாரும் வரிசையில் இடித்திருக்க மாட்டார்கள்.

"எனக்கு வேணும். அந்த இடம் எனக்கு வேணும்."

டெனீஸ் மெல்வதை நிறுத்தினாள். "அப்ப ஏன் வேண்டாம்னே?"

"நாங்க அப்படித்தான் சொல்வோம்."

"உங்க ஊர்ல மனுஷங்க எப்படி உயிரோட இருக்காங்க?" என்று கோட்டுக்கு மேலே என் பெயரை மறுபடி எழுதினாள்.

வீட்டில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜூன் ஆறிலிருந்து நான் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை.

"இன்னிக்கு நானும் அதையே சொன்னேன்," என்றேன்.

"எதை?"

"வேற யாருக்காவது தேவைன்னா கொடுங்கன்னு."

குழாயை மூடினாள். "கொடுத்துட்டாங்களா?"

"கொடுக்கப் பாத்தாங்க. ஓடிப்போய் வாங்கிட்டேன்."

அம்மா ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. நாங்கள் அழுகிற ஜனங்கள் இல்லை. கையைத் துடைக்க மறந்து மடியெல்லாம் நனையும்வரை அப்படியே இருந்தாள். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் வேண்டுமென்று செய்தாள் என்று இனிமேல் சொல்ல முடியாது.

அக்டோபர் 18, புதன்

ஸ்டேட்டில் நான் வெறுப்பவை குறைந்தபாடில்லை. கேன்டீன் காபி கழுநீர். வரலாற்று வகுப்பில் ஒருவன் மூக்கால் பேசுகிறான். அப்பா என்னைப் பார்த்தால் டிரக்கை நிறுத்தி ஹாரன் அடிக்கிறார். கூட நடப்பவர்கள் எல்லாம் அவருக்குக் கையசைக்கிறார்கள். சிலர் அவரிடம் என்னைப் பற்றிக் கேட்கிறார்கள்!

ஆற்றுக்கு மட்டும் போகிறேன். எங்கள் ஆறு வடக்கே ஓடுகிறது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகும். தண்ணீர் வடக்கே வரும். அங்கே ஆறு இன்னும் உறைந்து கிடக்கும். போக வழியில்லாமல் ஊருக்குள் ஏறும். ஏப்ரல் தோறும் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தண்ணீர் வருவது இதனால்தான். அப்பா இருபது வருஷமாகக் குழாய்க்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சேற்றில் முழங்கால்வரை நின்றேன். டெனீஸ் என்னை ஒரு தடவைதான் எதையும் கேட்கிறாள். நான் ஒரு தடவையில் பதில் சொல்கிறேன். பயிற்சி மாதிரி இருக்கிறது.

நவம்பர் 23, வியாழன், நன்றி நாள்

லவோன் அத்தை வீட்டில் வான்கோழி. தட்டில் லெஃப்ஸா ரொட்டி ஒன்றே ஒன்று மிஞ்சியது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்தது. அத்தை தட்டை நீட்டினாள்.

"ஆர்லீஸ், இதை எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கறேன்," என்றாள் அம்மா.

எடுத்தாள். பாதி வெட்டவில்லை. முழுசாக.

அப்பாவின் முள்கரண்டி வழியிலேயே நின்றது. அத்தை வெற்றுத் தட்டை இன்னும் நீட்டியபடி இருந்தாள், அடுத்த வரியைச் சொல்ல வாய் பாதி திறந்து.

"பசி போல," என்றாள் கடைசியில்.

அம்மாவின் காது மடல்வரை சிவந்திருந்தது. ஆனாலும் மென்று முடித்தாள். நான் குனிந்து சிரித்ததில் குழம்பு புரையேறிவிட்டது.

டிசம்பர் 9, சனி

ஃபிரிட்ஜ் கதவில் மறுபடி பல் டாக்டர் தாள். சிரிக்கிற கடைவாய்ப்பல்.

"தோர்ன்பரோவில் படித்தால் உள்ள நல்லதுகள்."

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மா பின்னால் வந்து ஒரு உறையை மேஜையில் வைத்தாள். இந்தத் தடவை கனமானது.

"போன் பண்ணினேன்," என்றாள். "நன்றி நாளுக்கு மறுவாரம். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன். அவளுக்கு வேணும்னு மொதல் வார்த்தையிலேயே சொல்லிட்டேன்."

ஜனவரியில் ஒரு பெண் விலகுகிறாளாம். அந்த இடம், உதவித்தொகையோடு. இருபதாம் தேதிக்குள் அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அவளே போய்க் கேட்டிருக்கிறாள். எங்கள் ஜனங்களில் ஒருத்தி, தானாகப் போன் எடுத்து, முன்பின் தெரியாத ஒருத்தியிடம், எனக்கு இது வேண்டும் என்று! திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

தாளில் நல்ல ஆசிரியர்கள் என்றிருந்தது, நூலகம் என்றிருந்தது. கடைசியில், பென்சிலில், "மலை."

டிசம்பர் 13, புதன்

நான்கு நாளாக எடைபோட்டுப் பார்க்கிறேன். வசந்தத்தில் யோசித்தது யோசனையே இல்லை, வெறும் ஆத்திரம். போக வழியில்லாதபோது போகணும் போகணும் என்று கத்துவது லேசு.

போனால் மலை. போனால் யாருக்கும் என்னைத் தெரியாது. அது இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். பெத் போனில், "பெட்டியைக் கட்டுடி லூசு!" என்று கத்தினாள்.

போனால், போன வாரம் என் கையால் துளைபோட்டு அளந்த பனிக்கட்டியை ஜனவரியில் வேறு யாரோ அளப்பார்கள். அந்த நோட்டில் என் எழுத்து நான்கு பக்கத்தோடு நின்றுவிடும். ஏப்ரலில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று இப்போதே சொல்ல முடியுமா என்று டெனீஸ் பார்க்கிறாள். முடிந்தால் இந்த வருஷம் கீழ்த்தளத்துப் பெட்டிகளை முன்கூட்டியே மேலே ஏற்றிவிடலாம். ஊர் முழுக்க. ஆஸ்ட்பி உட்பட.

போக வேண்டாம் என்பது மரியாதைக்கு வருகிற யோசனையா, நிஜமா? அம்மா வருத்தப்படுவாளே என்றா? இல்லை. அவள் பட்டால் படட்டும் என்ற கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. டெனீஸிடம் சொன்னேன். "போகணும்னா போ. எனக்கு அந்த இடத்துக்கு ஆள் இருக்கு," என்றாள். இரண்டாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை.

டிசம்பர் 18, திங்கள்

அட்டையில் இரண்டு கட்டம். வருகிறேன். வரவில்லை.

காலையில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன். அழுத்தவில்லை. ஒரே கோடு.

அம்மா வேலைக்குக் கிளம்பிக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு ஒரு கை மட்டும் நுழைத்தபடி நின்றாள்.

"போகலியா?"

"போகலை."

பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்காகன்னா வேண்டாம் சிக்னி. நிஜமா போகலியா?"

"நிஜமா. காபி கழுநீர்தான், அத்தை அத்தைதான். ஆனா ஆறு எனக்கு வேணும்."

வெளியே அப்பாவின் டிரக் ஹாரன் அடித்தது. அம்மா அசையவில்லை. அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. இருந்தாலும் கேட்டாள். மெதுவாக, என் கண்ணைப் பார்த்து, மூன்றாவது தடவையாக.

"கண்டிப்பா வேண்டாமா?"

"வேண்டாம்மா," என்றேன்.

கோட்டின் இன்னொரு கையையும் நுழைத்துக்கொண்டாள். டிராயரைத் திறந்து தபால்தலை எடுத்து, நாக்கால் தடவி, அவளே உறையில் ஒட்டிக் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு ஆற்றில் பனிக்கட்டி பதினான்கு அங்குலம் இருந்தது.